உங்கள் வீட்டு வரி ரசீதில் ஒரு நூலகர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பில்லையும் வாரன்டி கார்டையும் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பீர்கள். அதே பீரோவில் பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ வீட்டு வரி கட்டிய ரசீதும் இருக்கும். அதை ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். வீட்டு வரிக்குக் கீழே "நூலக வரி" என்று ஒரு வரி தெரியும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 300 ரூபாய் வீட்டு வரி என்றால் 30 ரூபாய் நூலகத்துக்கு. முண்டியம்பாக்கத்தில் ஓட்டு வீடு வைத்திருப்பவரும் கட்டுகிறார், சென்னையில் மாடி வீடு வைத்திருப்பவரும் கட்டுகிறார். நூலகப் படியே மிதிக்காதவரும் கட்டுகிறார்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் வீட்டு வரிக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. ஆன்லைன் கடையில் செல்போன் தேடுகிறீர்கள். பக்கத்தின் ஓரத்தில் விலை, கம்பெனி, நிறம், மெமரி என்று சின்னச் சின்னப் பெட்டிகள் வரும். ஒவ்வொன்றாக டிக் செய்யச் செய்ய, ஆயிரக்கணக்கான போன்கள் பத்தாகச் சுருங்கிவிடும். இப்படிப் பல கோணங்களிலிருந்து ஒரு பொருளைப் பிடிக்கும் முறையை நூலக உலகில் முழுமையாக வகுத்துக் காட்டியவர் யாரோ, அவர்தான் உங்கள் ரசீதில் அந்த வரி வருவதற்கும் இருபது ஆண்டுகள் விடாமல் முயன்றவர். பெயர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழிக்காரர்.

கணக்கு வாத்தியார் நூலகரான கதை

சீர்காழியில் ரயில் ஏறிச் சென்னைக்கு வருபவர் சிதம்பரம், கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் தாண்டி முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, திண்டிவனம் வழியாகத்தான் எழும்பூர் வரவேண்டும். 1892 ஆகஸ்டில் பிறந்த ரங்கநாதன் படிப்புக்காகச் சென்னைக்கு வந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். பிறகு மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணக்கு ஆசிரியர். சிறு வயதிலிருந்தே அவருக்குத் திக்குவாய் உண்டு. ஆனாலும் வகுப்பில் பாடம் நடத்துவதுதான் அவருக்குப் பிடித்த வேலை.

1923ல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவிக்கு விளம்பரம் செய்தது. சம்பளம் ஆசிரியர் வேலையை விட அதிகம். சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் யாருக்குமே நூலகப் பயிற்சி கிடையாது. ரங்கநாதனுக்கும் கிடையாது. நேர்முகத் தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன் ஒரு கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததுதான் அவருடைய மொத்தத் தயாரிப்பு. வேலை கிடைத்தது. 1924 ஜனவரியில் சேர்ந்தார்.

சேர்ந்த சில நாட்களிலேயே வெறுத்துப்போனது. மாணவர் கூட்டத்தோடு இருந்தவருக்கு, யாரும் வராத கட்டடத்தில் உட்கார்ந்திருப்பது தனிமைச் சிறை போல இருந்தது. பழைய வேலையையே கொடுங்கள் என்று போய் நின்றார். அங்கே ஒரு சமாதானம் சொன்னார்கள். நூலகர் வேலையின் நிபந்தனைப்படி லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்வோம். அவர் போனார். திரும்பி வந்தபின் வாத்தியார் வேலையைக் கேட்கவே இல்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படிப்பு. கிராய்டன் நகரின் நூலகர் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியர். படிப்பை விட அவர் அதிகம் கற்றது ஊர் சுற்றித்தான். நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் போய்ப் பார்த்தார். அங்கே தொழிலாளிகளும் குழந்தைகளும் நூலகத்துக்குள் சகஜமாக வந்து, தாங்களே அலமாரியில் கையை விட்டுப் புத்தகம் எடுத்துப் போனார்கள். நம் ஊரில் அப்போது புத்தகம் பூட்டிய அலமாரியில் இருக்கும். பெயர் எழுதிக் கொடுத்தால் ஆள் போய் எடுத்து வருவார், மனமிருந்தால். இந்த வித்தியாசம்தான் பிறகு அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை.

ஒரு பொம்மைக் கடையில் கிடைத்த யோசனை

இனி நமக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம். கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

அந்தக் காலத்தில் நூலகங்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது அமெரிக்காவின் மெல்வில் டூயி 1876ல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. உலக அறிவு முழுவதையும் பத்துப் பெரிய வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரித்து, அதையும் பத்தாகப் பிரித்துக்கொண்டே போகும். உங்கள் கம்ப்யூட்டரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர் போடுகிறீர்களே, அதே மாதிரி ஒரு மரம். மரத்தில் என்ன சிக்கல்? ஒரு புத்தகம் ஒரு கிளையில்தான் உட்கார முடியும். முன்கூட்டியே போடாத கிளை தேவைப்பட்டால் திண்டாட்டம்தான்.

லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடைக்குப் போன ரங்கநாதன், அங்கே மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளை போட்ட தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், நட்டு போல்ட்டுகள். அதே துண்டுகளை வைத்து ஒரு தடவை கிரேன் செய்கிறார்கள், கழற்றி அடுத்த தடவை வண்டி செய்கிறார்கள். அவருக்குப் பொறி தட்டியது. புத்தகங்களுக்கு ஏன் ரெடிமேட் பெட்டிகள் செய்து வைக்க வேண்டும்? சிறு துண்டுகளை மட்டும் செய்து வைத்துக்கொண்டால், எந்தப் புத்தகம் வந்தாலும் அதற்கேற்ற எண்ணைப் பூட்டிக்கொள்ளலாமே. ஊருக்குத் திரும்பும் கப்பலில் இருந்த சிறிய நூலகத்திலேயே இந்த முறையைப் பரீட்சை பார்த்தார். துண்டுகளை இணைக்கும் நட்டு போல்ட்டாக முக்காற்புள்ளி, அதாவது கோலன் குறியை வைத்ததால் 'கோலன் பகுப்பு முறை' என்று பெயர். 1933ல் புத்தகமாக வந்தது.

நம் ஊர் உதாரணம் ஒன்று. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. சுற்றிலும் கரும்பு. "விழுப்புரம் பகுதியில் 1990களில் கரும்பில் செவ்வழுகல் நோயைக் கட்டுப்படுத்தியது" பற்றி ஒரு புத்தகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை விவசாயத்தில் வைப்பதா, பயிர் நோயில் வைப்பதா, மாவட்ட வரலாற்றில் வைப்பதா? ரங்கநாதன் ஐந்து கேள்வி கேட்பார். முக்கியமாக எதைப் பற்றியது? கரும்பு. அதில் எந்த அம்சம்? செவ்வழுகல். என்ன செயல்? கட்டுப்படுத்துதல். எங்கே? விழுப்புரம். எப்போது? 1990கள். ஐந்து பதில்களுக்கும் உரிய குறிகளைக் கோத்தால் அந்தப் புத்தகத்தின் எண் தயார். இந்த ஐந்தில் எந்தப் பக்கத்திலிருந்து தேடி வந்தாலும் புத்தகம் அகப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆன்லைன் கடையின் டிக் பெட்டிகள் செய்வதும் இதைத்தான். இன்று வெப்சைட் வடிவமைப்பு சொல்லித்தரும் பாடங்களில் ரங்கநாதன் பெயர் வருவதற்குக் காரணம் இதுவே.

இதை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்றே செய்து பார்க்கலாம். டெஸ்க்டாப்பில் "புதிய ஃபோல்டர் 1", "புதிய ஃபோல்டர் 2", "ஸ்கேன் 0043" என்று கிடக்கிறதா? ஃபோல்டர் மரத்தை ஆழமாக வளர்க்காதீர்கள். இரண்டு அடுக்குக்கு மேல் போனால் நீங்களே தொலைந்துபோவீர்கள். அதற்குப் பதில் ஃபைலின் பெயரிலேயே ஐந்து கேள்விக்கும் பதில் எழுதுங்கள். ஃபைலை ஒரு முறை க்ளிக் செய்து எஃப்2 கீயை அழுத்தினால் பெயர் மாற்றலாம். "2024-03-18 கரும்பு வெட்டுக்கூலி ரசீது மேலக்கொல்லை" என்று வைத்துவிட்டால், அடுத்த வருடம் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் தேடல் பெட்டியில் "கரும்பு ரசீது" என்று அடித்தாலும் வரும், "மேலக்கொல்லை 2024" என்று அடித்தாலும் வரும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர் வரிசையில் அடுக்கும்போதே கால வரிசையும் தானாக வந்துவிடும்.

ஒரு வேடிக்கை. ரங்கநாதனின் செல்லக் குறியான கோலனை வின்டோஸ் ஃபைல் பெயரில் போடவே முடியாது. போட்டால் இந்தக் குறி கூடாது என்று எச்சரிக்கும். இடைவெளி அல்லது சிறு கோடு போதும். இன்னொன்று: தமிழில் பெயர் வைப்பவர்கள் யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த கடிதங்கள் பார்வைக்குத் தமிழாக இருக்கும். கம்ப்யூட்டருக்கோ அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடில் என்ன தேடினாலும் அகப்படாது. பல அலுவலகங்களின் பழைய தமிழ் ஃபைல்கள் இப்படித்தான் இருந்தும் இல்லாமல் கிடக்கின்றன.

வாசகர் நேரம் காசுக்குச் சமம்

1925ல் சென்னை திரும்பிய ரங்கநாதன் பல்கலைக்கழக நூலகத்தைத் தலைகீழாக மாற்றினார். அலமாரிகளைத் திறந்துவிட்டார். வருகிறவர் தானே போய்ப் பார்த்து எடுக்கலாம். காலையிலிருந்து இரவு வரை, வருடம் முழுவதும், விடுமுறை இல்லாமல் நூலகம் திறந்திருக்கும்படி செய்தார். வாசகர் வந்தால் எழுந்து போய், என்ன வேண்டும் என்று கேட்டு உதவ ஆட்களை வைத்தார். அவரே தினமும் 13 மணி நேரம், வாரம் ஏழு நாளும் உழைத்தார் என்று சொல்வார்கள். இது எல்லோரும் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டில் இருந்தவர்களையும் கேட்க வேண்டும். ஆனால் நூலகம் அப்படித்தான் வளர்ந்தது. 1936ல் கடற்கரையைப் பார்த்த சொந்தக் கட்டடத்துக்கு மாறியது.

1928ல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்துச் சொன்னார். 1931ல் அவை நூலாக வந்தன. சுருக்கம் இதுதான்: புத்தகம் பூட்டி வைக்க அல்ல, படிக்க. எவருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும். எந்தப் புத்தகத்துக்கும் அதற்கான ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். வருகிறவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு இடம் விட வேண்டும். படிக்க எளிமையாக இருக்கிறது. இரண்டாவது விதியில் இருக்கிறது வில்லங்கம்.

எவருக்கும் என்றால் யார் யார்? பல்கலைக்கழக நூலகத்துக்குள் வரும் பட்டதாரி மட்டுமா? முண்டியம்பாக்கத்தில் கரும்பு வெட்டும் பெண் அதில் சேர்த்தியா? சேர்த்தி என்றால் அவர் ஊரில் நூலகம் வேண்டும். நூலகம் வேண்டுமென்றால் வருடா வருடம் பணம் வேண்டும். நன்கொடையாளர் மனசு வைத்தால் வரும் பணம் அல்ல, ஆள் மாறினாலும் ஆட்சி மாறினாலும் நிற்காத பணம். அதற்கு ஒரே வழி சட்டம். நூலகத்தை நேர்த்தியாக நடத்தத் தெரிந்த ஒருவர் சட்டமன்றக் கதவைத் தட்டப் போனது இப்படித்தான். அவரை மற்ற நூலகர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது கோலன் குறியை விட இதுதான் என்பது என் கருத்து.

மாட்டு வண்டியிலிருந்து சட்டமன்றம் வரை

1928ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. ரங்கநாதன் அதன் செயலாளர். 1929ல் சங்கமே நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கியது, இரண்டு ஆண்டில் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. 900 பேர் விண்ணப்பித்தும் ஒருவருக்குக்கூடப் பயிற்சி இல்லை என்ற நிலை மறுபடி வரக் கூடாதல்லவா?

1931 அக்டோபரில் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி நூலகம் ஓடத் தொடங்கியது. எஸ்.வி.கனகசபைப் பிள்ளை என்பவர் அமைத்தது. அலமாரி பொருத்திய வண்டி, கிராமம் கிராமமாகப் போய்ப் புத்தகம் கொடுத்து, அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்ளும். இந்த முயற்சிக்கு ரங்கநாதனின் ஆதரவும் யோசனையும் இருந்தன. படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த காலத்தில் கிராமத்தில் யார் படிப்பார்கள் என்று கேட்டவர்களுக்குக் காட்ட ஒரு நடைமுறைச் சாட்சி கிடைத்தது.

இதற்கு முன்பே 1930ல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை எழுதி முன்வைத்திருந்தார். அதன் அடிப்படையில் ஒரு மசோதாவை 1933ல் சென்னை சட்டமன்றத்தில் பஷீர் அகமது சயீத் கொண்டுவந்தார். பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் இவர். மசோதா கரையேறவில்லை. நூலகத்துக்கென்று ஒரு வரியா என்ற இடத்தில்தான் இது போன்ற முயற்சிகள் எப்போதும் தட்டி நின்றன. நல்ல காரியம்தான், ஆனால் கட்டாயம் வேண்டாமே என்பார்கள். இன்றும் பல மாநிலங்களில் கேட்கும் பதில் அதுவே.

ரங்கநாதன் 1940களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு, காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் பிறகு டெல்லிக்கும் போனார். ஆனால் மசோதாவை விடவில்லை. 1946ல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் வந்தார். பேச்சு மீண்டும் தொடங்கியது. 1948ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இது. 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1896ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகம் ஆயிற்று. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி. முண்டியம்பாக்கம் அப்போது தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993ல்தான். அதனால் கணக்கெல்லாம் கடலூர்ப் பக்கம்.

தொடக்கத்தில் இந்த வரி மிகச் சிறிய தொகை. பிறகு உயர்ந்து ரூபாய்க்கு 10 பைசாவில் நிற்கிறது. 1955ல் ஹைதராபாத், 1965ல் மைசூர், 1967ல் மகாராஷ்டிரம் என்று மற்ற இடங்களிலும் சட்டங்கள் வந்தன. மகாராஷ்டிரச் சட்டத்தில் நூலக வரி இல்லை. சட்டமே இல்லாத மாநிலங்கள் இப்போதும் உண்டு. அந்த ஊர்களில் நூலகம் வேண்டுமென்றால் ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான். தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ 4,600 பொது நூலகங்கள் இருக்கின்றன என்றால் அதன் அஸ்திவாரம் அந்தச் சின்ன வரி.

நூலகர் இயக்குநரான ஆண்டு

சட்டம் வந்துவிட்டது, நடத்துவது யார்? பல ஆண்டுகள் பொது நூலக இயக்குநர் பொறுப்பு கல்வித் துறை இயக்குநரிடம் கூடுதல் வேலையாகவே இருந்தது. நெ.து.சுந்தரவடிவேலு போன்ற அக்கறை உள்ளவர்கள் அந்த நாற்காலியில் இருந்தபோது நூலகங்கள் பெருகின. ஆனால் பள்ளிக்கூடம், தேர்வு, மதிய உணவு என்று ஆயிரம் வேலைக்கு நடுவே நூலகம் கடைசிக் கோப்பாகப் போவது இயற்கை.

1972ல்தான் நூலகத்துக்குத் தனி இயக்குநர் வந்தார். வே.தில்லைநாயகம். தேனிப் பக்கம் சின்னமனூரில் 1925ல் பிறந்தவர். கன்னிமாராவில் பத்தாண்டு நூலகராக இருந்தவர். நூலகத்தைத் தொழிலாகப் படித்த ஒருவர் தமிழ்நாட்டின் நூலகத் துறைக்குத் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை. 1982 வரை இருந்தார். 'இந்திய நூலக இயக்கம்' என்ற பெரிய நூலைத் தமிழில் எழுதினார். 2013ல் காலமானார். ரங்கநாதன் அதே 1972ல், செப்டம்பர் 27 அன்று, பெங்களூரில் காலமானார்.

ரங்கநாதனின் கடைசிப் பதினைந்து ஆண்டுகள் பெங்களூரில்தான் கழிந்தன. 1957ல் பத்மஸ்ரீ, 1965ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பட்டம். 1962ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் அங்கே ஆவணப்படுத்தல் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். டிஜிட்டல் நூலகங்களுக்கு ஆட்களைத் தயார் செய்யும் இடங்களில் அது முக்கியமானது. சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு, மனைவி சாரதா பெயரில் நூலகப் பேராசிரியர் பதவி அமைக்கக் கொடுத்திருந்தார். 1950களில் ஒரு லட்சம் என்றால் எவ்வளவு என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12 இந்தியாவில் நூலகர் தினம்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதே, நூலகம் எதற்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் நியாயமான கேள்விதான். பாதி உண்மையும் கூட. வீட்டில் உட்கார்ந்தே படிக்க இன்று நிறைய இருக்கிறது. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் முயற்சி. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017ல் தொடங்கிய தமிழ் மின்னூலகத்தில் நாட்டுடைமை ஆன நூல்கள், பழைய பருவ இதழ்கள், சுவடிகள் எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். 2018ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட நேஷனல் டிஜிட்டல் லைப்ரரி கரக்பூர் ஐஐடி நடத்துவது. அதன் பக்க ஓரத்திலும் பாடம், மொழி, வகை என்று டிக் பெட்டிகள் வரிசையாக இருக்கும். இப்போது அவற்றைப் பார்த்தால் சீர்காழி நினைவுக்கு வரும். பிள்ளைகளின் படிப்புக்குக் கட்டாயம் ஒரு முறை திறந்து காட்டுங்கள்.

மீதிப் பாதி? இந்த வருடம் வந்த நாவல், போட்டித் தேர்வுக்கான புதிய புத்தகம் போன்றவை காப்புரிமை காரணமாக இலவசமாக இன்டர்நெட்டில் வராது. வந்தால் பெரும்பாலும் திருட்டுப் பிரதி, கூடவே வைரஸும் வரும். கிளை நூலகத்தில் அவை இருக்க வாய்ப்புண்டு. கம்ப்யூட்டர் இல்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வெளிச்சமும் நாற்காலியும் அமைதியும் அங்கேதான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் மாவட்ட மைய நூலகங்களில் காலையிலிருந்தே இடம் பிடித்து உட்கார்ந்திருப்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கிராமத்தில் "நூலகம்" என்று எழுதிய கட்டடம் இரண்டு வகையாக இருக்கலாம். ஒன்று, மாவட்ட நூலக ஆணைக்குழு நடத்தும் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் அல்லது பகுதி நேர நூலகம். நூலக வரி போவது இதற்கு. இன்னொன்று, 2006 முதல் 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகம். இது ஊராட்சியின் பொறுப்பு. இந்த இரண்டாவது வகைதான் பல ஊர்களில் பூட்டியே கிடந்து, புத்தகம் கரையான் அரித்துப் போனது. சில இடங்களில் பின்னர் புதுப்பித்தார்கள். உங்கள் ஊரில் எந்த வகை இருக்கிறது, திறந்திருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். யாரிடம் கேட்பது என்பது அதைப் பொறுத்தது.

துறை நடத்தும் நூலகம் என்றால் சிறிய காப்புத்தொகையும் சந்தாவும் கட்டி உறுப்பினராகலாம். முகவரிச் சான்றுக்கு ஆதார் நகல் எடுத்துப் போங்கள். 1,000 ரூபாய் கொடுத்தால் புரவலர். வாசகர் வட்டம் இருந்தால் சேருங்கள். உங்களுக்கு எம்எஸ் வேர்ட் பழகிவிட்டதல்லவா? வட்டத்துக்குக் கடிதம் தட்டச்சு செய்து கொடுக்கலாம். எக்செல் தெரிந்தால் வேண்டிய புத்தகங்களின் பட்டியல் போட்டுக் கொடுக்கலாம். எந்தப் புத்தகத்தை எத்தனை பேர் கேட்டார்கள் என்று ஒரு காலம் சேர்த்துக்கொண்டால், வாங்கச் சொல்லிக் கேட்பதற்கு அதை விட நல்ல காகிதம் இல்லை.

ஊரில் எதுவுமே இல்லை என்றால் விழுப்புரத்தில் உள்ள மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதலாம். வெறுமனே "நூலகம் வேண்டும்" என்று எழுதாதீர்கள். வாடகையில்லாத ஒரு அறை, உறுப்பினராகச் சேரச் சம்மதித்தவர்களின் கையெழுத்து, புரவலராக வருபவர்களின் பெயர், பக்கத்து நூலகம் எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு, இவையெல்லாம் சேர்ந்திருந்தால் மனுவுக்கு வலு. மேப் வெப்சைட்டில் தூரத்தைப் பார்த்துப் பிரிண்ட் எடுத்து இணைத்துவிடலாம்.

பணக் கணக்கும் கேட்கலாம். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்தன. சென்ற ஆண்டு நம் ஊராட்சியில் நூலக வரி எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குக் கட்டப்பட்டது என்று எழுந்து கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வரியை வசூலிப்பது உள்ளாட்சி, செலவழிப்பது ஆணைக்குழு. இடையில் பாக்கி நின்றால் புதிய புத்தகமும் நின்றுவிடும். போகும்போது ரசீதை எடுத்துப் போங்கள். அதை ஸ்கேன் செய்து "2024-06-10 வீட்டு வரி நூலக வரி ரசீது முண்டியம்பாக்கம்" என்று பெயர் வைத்திருந்தால் பீரோவைக் குடைய வேண்டியதில்லை.